தூளு வேற, விறகு வேற

வாங்க சார், உள்ள வாங்க. நெழலுக்கு இந்தத் தகரக் கொட்டகைதான். வாசல்ல ஒரு வேம்பு நின்னுச்சு. மிஷின் வந்த மறுநாள் ஓட்டிப் பழகணும்ல, அதத்தான் மொதல்ல போட்டேன். உக்காருங்க. தண்ணி குடிங்க. மோர் குடுக்கலாம், வீட்டுல ஆள் இல்ல. அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. வந்துருவா.

வழி கண்டுபிடிக்கச் சிரமப்பட்டீகளோ? பூவலிங்கம் வீடுன்னு கேட்டிருப்பீக. டீக்கடையில அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லியிருப்பானே? பெறகு மிஷின் விக்கிறவருன்னு நீங்க சொல்லவும், ஒருத்தன ஒருத்தன் பாத்துச் சிரிச்சுட்டு, "ஓ, தூளு வீடா"ன்னு கையக் காட்டியிருப்பாக. தெரியும் சார். நீங்க சொல்ல வேணாம், உங்க மொகமே சொல்லுது.

போன்ல வாத்தியார்னு சொன்னீக. முதுகுளத்தூர்ப் பக்கம் பன்னெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கேன், பூராம் சீமைக்கருவேல், அத அழிக்கணும், டிராக்டர்ல மாட்டி மரத்தத் தூளாக்குற சிப்பர் எத வாங்கலாம்னு கேட்டீக. சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கீக. இந்தச் சுத்துப்பட்டுல சொந்தமா சிப்பர் வாங்குன மொத ஆளு நான்தான். அந்தா நிக்குது பாருங்க, தார்ப்பாய் போட்டு. ஒரே ஒரு சீசன் ஓடுனது. பிளேடு நாலும் அப்படியே இருக்கு. வெலையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், மொதல்ல மிஷினப் பத்தித் தெரிஞ்சுக்கங்க. தெரியாம வாங்கிட்டு என்னையத் திட்டக் கூடாது.

மரத்தப் பாத்து மிஷின் வாங்குன்னு எல்லாரும் சொல்லுவாக. மொதல்ல உங்க டிராக்டரப் பாருங்க சார். இதுக்குன்னு தனியா எஞ்சின் கெடையாது. டிராக்டருக்குப் பின்னாடி ஒரு ஷாப்ட் சுத்துதுல்ல, அதுலதான் இதுக்கு உசுரு. வண்டி நாப்பது ஹெச்.பி.ன்னா நாப்பதுக்குள்ள கேக்குற மிஷினத்தான் வாங்கணும். எனக்கும் இதத்தான் சொன்னாக. நான் கேக்கல. என் வண்டி நாப்பத்திரண்டு. இந்த மிஷின் அம்பதுக்கு மேல கேக்குது. பெரிய கட்டை போச்சுன்னா வண்டி, மாடு செருமுறாப்புல செருமும். பெறகு ஏன் வாங்குனன்னு கேப்பீக. அதச் சொல்லணும்னா எங்க அக்காளப் பத்திச் சொல்லணும்.

எங்க அக்கா பேரு இருளாயி. என்னையவிடப் பதினோரு வருசம் மூத்தவ. கட்டிக்குடுத்த எடத்துல வாழல. வாழ விடலன்னு அவ சொல்லுவா. மூணே வருசத்துல துணிமூட்டையோட வந்துட்டா. அப்ப நான் ஆறாப்புப் படிக்கிறேன். அதுலருந்து கரிதான். எங்களுக்கு எட்டு ஏக்கர், வானம் பாத்த பூமி, அதுல வானமும் பாக்கல நாங்களும் பாக்கல, சீமைக்கருவேலா மண்டிப் போச்சு. இவ அருவாள எடுத்துட்டு எறங்குனா. வெட்டுறது, தறிக்கிறது, கட்டைய நட்டுக்குத்தலா அடுக்கி மேல வைக்கோல் பரப்பி மண்ணு பூசி மூட்டம் போடுறது, நாளு கணக்கா காவல் இருந்து கரியாக்குறது. கருவேலு மூணு வருசத்துல திரும்ப வந்துரும். ஒரு பக்கம் வெட்ட, ஒரு பக்கம் வளர. நல்ல தொழிலுதான், இல்லைன்னு சொல்லல. கையெல்லாம் கருப்பு, கால்ல முள்ளு, பொம்பளைக்கு அது ஒரு பொழப்பான்னு நான் கேட்டதுண்டு. சிரிப்பா.

எங்கப்பா சாகுறப்ப பெரியகருப்பன் அம்பலத்தக் கூப்புட்டு விட்டாரு. அம்பலம்னா எங்க ஊருப் பெரிய மனுசர் சார், அவர் சொல்லு எடுபடும். அவரக் கட்டிலுக்கிட்ட உக்கார வச்சு எங்கப்பா சொன்னாரு. "மண்ணு லிங்கத்துக்கு. அதுல நிக்கிற விறகு இருளாயிக்கு, அவ இருக்குற வரைக்கும்." அம்புட்டுத்தான் சொன்னாரு. எழுத்து கெடையாது. வாய் வார்த்தைதான். சார், இந்த வார்த்தைய நல்லா மனசுல வச்சுக்கங்க. "நிக்கிற விறகு." நீங்க வாத்தியாரு, உங்களுக்கு விளங்கும்.

சரி, இருந்துட்டுப் போகட்டும்னுதான் இருந்தேன். என்னைய ஐ.டி.ஐ. படிக்க வச்சது அவதான். டிராக்டருக்கு முன்பணம் கட்டுனது அவதான். இல்லைன்னு நான் எங்கயும் சொன்னதில்ல. ஆனா ஒண்ணு சார், அத ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டல. சொல்லிக்காட்டியிருந்தா நானும் நாலு வார்த்த பேசியிருப்பேன், சரிக்குச் சரியாப் போயிருக்கும். குடுத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி மூட்டத்துப் பக்கம் போயி உக்காந்துக்குவா. குடுத்தவ சும்மா இருந்தா வாங்குனவனுக்கு எப்படி இருக்கும்? அத அவ யோசிக்கல.

வண்டி முன்னாடி பெருசா பூவலிங்கம்னு எழுதியிருந்தேன். மஞ்சப் பெயிண்டு. எட்டுக் கிலோமீட்டருக்கு அங்கிட்டு வரைக்கும் உழவுக்குப் போவேன். ஆனா எந்த ஊருக்குப் போனாலும், "கரிக்காரி தம்பி வண்டி வந்துருச்சு"ம்பாக. கரிக்காரி தம்பி. எனக்கு நாப்பத்தாறு வயசு. கல்யாணமாயிருச்சு, பிள்ளை இல்ல, அது வேற கதை. கரிக்காரி தம்பி! போன மாசிக் களரித் திருவிழாவுக்குக் கோயில்ல மைக்குல வாசிக்கிறான், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை குடுத்தவுக பேரு. ஒவ்வொருத்தருக்கும் அவுகப்பா பேரு சேத்து வாசிக்கிறான். எனக்கு மட்டும், "கரிக்காரி தம்பி பூவலிங்கம்." கூட்டம் பூராம் சிரிக்குது. எங்க அக்காளும் பொம்பளைக பக்கம் உக்காந்து சிரிக்கிறா. பெருமையாச் சிரிக்கிறா சார். அதுதான் எனக்குத் தாங்கல. மறு வெள்ளிக்கெழம மதுரைப் பக்கம் மிஷின் பாக்கப் போனேன்.

கடையில தினகரன்னு ஒரு ஆளு. நல்ல மனுசன், வெவரமானவன். அவன்தான் ஒவ்வொண்ணாக் காட்டுனான். ஒண்ணு, கட்டைய நாமளே தள்ளணும். இன்னொண்ணு, ரெண்டு உருளை இருக்கும், கட்டையக் காட்டுனாப் போதும், அதுவே உள்ள இழுத்துக்கும். உங்களுக்கு இழுக்குறதுதான் நல்லது சார், கருவேலு முள்ளு, கையால தள்ள முடியாது. ஆனா ஒண்ணு, அது இழுக்க ஆரம்பிச்சுட்டா விடாது. தொளதொளன்னு சட்டை போட்டுட்டுப் பக்கத்துல போகாதீக. கையுறை வேணாம். சேலை கட்டுன பொம்பளைகளக் கிட்ட விடவே கூடாது. மேல செகப்பாக் கம்பி ஒண்ணு இருக்கு, அதத் தட்டுனா உருளை நின்னுரும். அது வேலை செய்யுதான்னு காலையில ஒரு தடவ பாத்துக்கங்க.

பெறகு சல்லடை. மூணு சைசுல இருந்துச்சு. பெரிய ஓட்டை போட்டா கட்டைவெரல் தண்டிக்குத் துண்டு துண்டா வரும். செங்கக் காளவாசலுக்காரன் லாரி அனுப்பி அள்ளிட்டுப் போயிருவான். சின்ன ஓட்டை போட்டா நொய்யரிசி மாதிரி வரும். டீசல் கூடக் குடிக்கும், நேரம் பிடிக்கும், வாங்க ஆள் இல்ல. தினகரன் பெரிய ஓட்டைச் சல்லடையக் கையில வச்சுக்கிட்டு, இதுதான் உங்களுக்கு லாயக்குங்கிறான். நான் சின்னதக் காட்டி ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "இதுல வர்றத வச்சுக் கரிமூட்டம் போட முடியுமா?"

அவனுக்கு மூட்டம்னா என்னன்னு தெரியல. கட்டைய அடுக்கி மண்ணு பூசி வேக வைக்கிறதுன்னு வெளக்குனேன். சிரிச்சுட்டான். "தூள்ல எப்படிங்க? காத்துப் போக வழி இருக்காது. புகையும், வேகாது"ன்னான்.

"அப்ப அதையே மாட்டு"ன்னேன்.

"அப்ப நிலத்தச் சுத்தம் பண்ண வாங்கலியா?"ன்னான்.

"அதுக்குந்தான்"ன்னேன்.

அப்ப அவன் ஒண்ணு சொன்னான். அதையும் உங்ககிட்ட மறைக்க மாட்டேன். "சிப்பர் மண்ணுக்கு மேல இருக்குறதத்தான் எடுக்கும். தூரும் வேரும் அப்படியே கெடக்கும். ஜேசிபி விட்டு வேர எடுத்தாத்தான் கருவேலு போகும், இல்லாட்டி ஒரு மழைக்கு எல்லாம் திரும்பி வந்துரும்." அத அப்பறம் பாத்துக்கலாம்னுட்டேன். நாப்பத்திரண்டு ஹெச்.பி. வண்டிக்கு இது பெருசுன்னும் சொன்னான். சின்ன மிஷின்னா எட்டு ஏக்கருக்கு ரெண்டு மாசம் ஆகும்னான். எனக்கு ரெண்டு மாசம் பொறுக்க முடியாது சார். அவ மூட்டம் போடுறதுக்கு முன்னாடி முடிச்சாகணும்.

பங்குனி பதினாறு. மிஷின மாட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள எறங்குனேன். பரமக்குடியிலருந்து வெட்டுறதுக்கும் கட்டை குடுக்குறதுக்கும் ஆறு ஆளு கூட்டியாந்தேன், உள்ளூர் ஆளு வரமாட்டாகன்னு தெரியும். அந்தச் சத்தம் இருக்கே, ஊரே கூடிருச்சு. ஒரு முழு மரம் முள்ளோட உள்ள போகுது, அங்கிட்டுத் தூளா வந்து விழுகுது. நான் வண்டி மேல உக்காந்திருக்கேன். ஒரு மணி நேரம் ஒருத்தரும் கரிக்காரிங்கிற பேச்சே எடுக்கல சார். எல்லாரும் என்னையத்தான் பாக்குறாக.

அக்கா அம்பலத்தக் கூட்டிட்டு வந்தா. கூடவே நாகவள்ளி. நாகவள்ளி அவ கூட்டாளி, இருபது வருசமா சேந்து கரி சுடுறவ, நாக்கு நீளம். அம்பலம் வண்டியை நிறுத்தச் சொன்னாரு, நிறுத்துனேன். மரியாத தெரிஞ்சவன் சார் நான். "லிங்கம், உங்கப்பன் சொன்னது நெனவிருக்கா? விறகு இருளாயிக்குன்னான்ல"ன்னாரு.

நான் எறங்கி நின்னு சொன்னேன். "பெரியய்யா, எங்கப்பா விறகுன்னுதான சொன்னாரு? நான் விறகு வெட்டலையே. வெட்டித் தறிச்சு அடுக்குனாத்தான் விறகு. நான் என் மண்ணுல இருக்குற மரத்த மிஷினுக்குக் குடுக்குறேன். வர்றது தூளு. தூளு வேற, விறகு வேற. எங்கப்பா தூளப் பத்தி ஒண்ணும் சொல்லல."

வார்த்தைன்னா வார்த்தைதான சார்? அம்பலமே சாட்சி சொன்ன வார்த்த. அத நானா மாத்துனேன்? "தூளு வேணும்னா அக்கா அள்ளிக்கிறட்டும், நான் வேணாங்கல"ன்னும் சொன்னேன். பெருந்தன்மையாத்தான் சொன்னேன். ரெண்டு பேரு சிரிச்சாக. இந்தத் தடவ என்னையப் பாத்துச் சிரிக்கல.

அக்கா திரும்பி வடக்கு மூலைப் பக்கம் நடந்துட்டா. அவ அப்படித்தான்.

ஒன்பது நாளு ஓடுச்சு. எட்டு ஏக்கரும் பளிச்சுன்னு ஆயிருச்சு. இங்கருந்து பாத்தா ரோட்டுல போற பஸ்சு தெரியும். கடைசி நாளு, வடக்கு மூலையில அவ மாசியிலேயே வெட்டி அடுக்கி வச்ச கட்டை கெடந்துச்சு. ஒரு மூட்டத்துக்கு ஆகும். பரமக்குடி ஆளுக, இதையுமான்னு கேட்டானுக. யோசிச்சேன். இது விறகுதான், அதுல சந்தேகமில்ல. ஆனா எங்கப்பா என்ன சொன்னாரு? நிக்கிற விறகு. இது படுத்துக் கெடக்குது சார். படுத்துக் கெடக்குற விறகப் பத்திப் பேச்சே இல்லியே. போடுங்கடான்னேன்.

அவ ஓடி வந்தா. நாகவள்ளி சத்தம் போடுறா, மண்ண வாரித் தூத்துறா. அக்கா கட்டை கொறைய கொறைய பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. கடைசிக் கட்டைய எடுக்கப் போறப்ப, குனிஞ்சு அத அவ எடுத்துக்கிட்டா. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு என்கிட்ட வந்தா. "தம்பி, அம்புட்டையும் போட்டுக்கிட்ட, சரி. ஒரே ஒரு கட்டைய மட்டும் விட்டுவைடா. நாளைக்கு என்னைய வேக வைக்கவாச்சும் வேணும்ல"ன்னா.

எப்படிப் பேசுறா பாருங்க. அம்புட்டு ஜனமும் பாக்குது, வண்டி ஓடிக்கிட்டு இருக்கு, டீசல் எரியுது, இந்த நேரத்துல சாவப் பத்திப் பேசுனா ஜனம் யாரு பக்கம் சாயும்? விட்டேன்னா, கடைசியில அக்கா ஜெயிச்சுட்டான்னுதான் பேசுவாக. ஒரு கட்டைதான், ஆனா அந்த ஒரு கட்டையிலதான எல்லாம் இருக்கு? வாங்கிப் போட்டேன். வாங்குனேன்னு சொல்றேன், அவ விடல. அவ புடியோடவே நுனிய உருளைக்குக் காட்டிட்டேன். மிஷின் இழுக்குது, அவளும் கூடவே ரெண்டு எட்டு வந்துட்டா. "விடு"ன்னு ஒரு கத்துக் கத்துனேன் பாருங்க. விட்டுட்டா. விடலைன்னா ரெண்டு கையும் போயிருக்கும். அவ கையக் காப்பாத்துனதே நான்தான் சார். இத இந்த ஊருல ஒரு பய சொல்ல மாட்டான்.

அதுக்குப் பெறகு அவ கூலிக்குப் போனா. பக்கத்து ஊர்க் கம்மாயில கருவேலு ஏலம் எடுத்திருந்தாக, அங்க வெட்டுறதுக்கு. அம்பத்தேழு வயசு. ஏற்கெனவே சக்கரை இருந்துச்சு. கால்ல முள்ளு ஏறிருச்சு. அவ காலுக்கு அது புதுசா? புடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாத்திருக்கா. உள்ள நுனி ஒடிஞ்சு நின்னுருச்சு. கால் வீங்கி, சீழ் பிடிச்சு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப முழங்கால் வரைக்கும் கருத்துப் போச்சாம். நாகவள்ளிதான் கூட இருந்தா. எனக்குச் சொல்லி அனுப்புனா. புழுதி உழவு சமயம் சார், வண்டிக்கு ஓட்டம். ஒரு வாரம் கழிச்சுப் போகலாம்னு இருந்தேன். ஆவணி கடைசியில நாகவள்ளி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாக, ஆம்புலன்சுல.

முள்ளு குத்துனதுக்கு நானா பொறுப்பு? நீங்களே சொல்லுங்க. இந்த ஊருல முள்ளையே இல்லாம ஆக்குனவன் நான்.

தம்பிங்கிற மொறைய நான் விடல. கமுதிக்குப் போயி பொறந்த வீட்டுக் கோடி எடுத்தாந்தேன். நல்ல சேலை, அரக்குக் கலரு. சாவு வீட்டு வாசல்ல போயி நின்னா, நாகவள்ளி குறுக்க நிக்கிறா. "கோடி கெடக்கட்டும். விறகக் கொண்டா"ங்கிறா.

வாங்கிட்டு வாரேன்னேன். கமுதிக்கு வண்டி அனுப்புறேன், ஒரு மணி நேரத்துல வந்துரும்னேன். "கடை விறகு எங்களுக்கு வாங்கத் தெரியாதா? அவுகப்பன் அவளுக்குக் குடுத்த விறகு எட்டு ஏக்கர் இருந்துச்சு. அவ இருக்குற வரைக்கும்னான். இன்னும் அவ தரையிலதான் இருக்கா, எரியல. அதுலருந்து கொண்டா"ங்கிறா. அம்பலம் அங்கதான் நிக்கிறாரு. நானும் சளைக்கல சார். வீட்டுக்குப் பின்னாடி தூளு மலை மாதிரி குமிஞ்சு கெடந்துச்சு, வாங்க ஆள் இல்லாம. ஆறு சாக்குல அள்ளி டிரெய்லர்ல ஏத்தி நேரா சுடுகாட்டுக்கே கொண்டு போயி எறக்குனேன். அவ பங்கு அவளுக்குன்னு.

நாகவள்ளி வந்தா. இடுப்புல இருந்த அருவாள எடுத்து ஒரு சாக்கக் கிழிச்சா. கைநெறைய அள்ளி என் மொகத்துக்கு முன்னாடி காத்துல விட்டா. "இது என்னடா?"ன்னா.

"கருவேலுதான்"னேன்.

"தூளு வேற, விறகு வேறடா"ன்னா.

என் வார்த்தைய எனக்கே சொல்றா சார். நான் சொன்னது அன்னைக்கு ஒரு வழக்குக்காகச் சொன்னது. சாவுல வந்து அத எடுக்கலாமா? எழவு வீட்டுல பேசுற பேச்சா அது? ஆனா எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கிறாக. அன்னைக்கு என் பக்கம் சிரிச்ச அந்த ரெண்டு பேரும் நிக்கிறானுக. சுடுகாட்டுல வேலை பாக்குறவன்கிட்ட, நீயாவது இதப் பரப்பி வைய்யிடான்னேன். அவன் என்னையப் பாக்காமயே, "தூளு புகையுமுங்க, வேகாது"ங்கிறான். மதுரையில தினகரன் சொன்ன அதே சொல்லு. இவனுக்கு யாரு சொன்னா?

பெறகு நடந்ததத்தான் நீங்க கேக்கணும். நாகவள்ளி ஊருக்குள்ள போனா. வீட்டுக்கு ஒரு கட்டைன்னு கேட்டா. அடுப்புக்கு வச்சிருந்தவுக அடுப்பு விறகு, இல்லாதவுக வேலிக்கம்பு, ஒருத்தர் ஒடஞ்ச கட்டில் கால், ஒரு வீட்டுல கதவுக்குப் போடுற தாழ்ப்பாள் கட்டை. வரிசையா வந்து அடுக்குறாக. ஒவ்வொருத்தரும் வைக்கிறப்ப, "கரிக்காரி, இந்தா"ங்கிறாக. நான் டிராக்டர் பக்கத்துல நிக்கிறேன். எனக்கு வைக்க ஒண்ணும் இல்ல. வேம்பு இருந்திருந்தா அதுல ஒரு கெளையாவது ஒடிச்சிருக்கலாம்.

கடைசியா என் வீட்டுக்காரி வர்றா. தமிழரசி. தலையில எங்க வீட்டு உலக்கை. கல்யாணத்தப்ப எங்க அக்கா எடுத்துக் குடுத்த உலக்கை, நாட்டுக்கருவேலு, கல்லு மாதிரி இருக்கும். அப்பாடான்னு இருந்துச்சு சார். நம்ம வீட்டுக் கட்டையும் ஒண்ணு வருதுல்ல. ஓடிப் போயி ஒரு கை கொடுக்கப் போனேன், ரெண்டு பேருமாச் சேந்து வைப்போம்னு. "தொடாதீக"ன்னுட்டா. அம்புட்டுப் பேரு முன்னாடி. "இது என் பங்கு, உங்க பேருல வைக்கல"ன்னு சொல்லிட்டுத் தனியா கொண்டு போயி நெஞ்சுக்கு நேரா வச்சா.

மூட்டம் போடுறாப்புலயே வைக்கோல் பரப்பி, மண்ணு பூசி, நாகவள்ளிதான் காத்து ஓட்டை எங்கெங்க விடணும்னு கையக் காட்டுனா. நல்லா வெந்துச்சுன்னு மறுநாள் பேசிக்கிட்டாக. நான் கிட்டப் போகல. கோடியும் என் கையிலேயே இருந்துச்சு. இன்னும் பீரோவுல இருக்கு.

பதினாறாம் நாளு அம்பலம் ஊரக் கூட்டுனாரு. இனிமே அந்த எட்டு ஏக்கர்ல மொளைக்கிற விறகு சுடுகாட்டுக்குன்னுட்டாரு. யாரு வீட்டுல சாவு விழுந்தாலும் வெட்டிக்கலாம், பூவலிங்கம் மட்டும் அதுல கை வைக்கக் கூடாது. பட்டா என் பேருல இருக்கு சார். போலீசுக்குப் போனா ஒரே நாள்ல முடிஞ்சுரும். போகல. ஊர்ல இருக்கணும்ல. அன்னைக்குக் கூட்டத்துல ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "பெரியய்யா, யாரு செத்தாலும்னீகளே, நாளைக்கு நான் செத்தா எனக்கு உண்டா?" அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம்தான் தமிழரசி அம்மா வீட்டுக்குக் கெளம்புனா. ஆறு மாசம் ஆகப் போகுது. வந்துருவா.

என்ன சார் அங்கிட்டே பாக்குறீக? ஆமா, அதுதான் அந்த எட்டு ஏக்கர். அந்தப் பச்சையெல்லாம் கருவேலுதான். இல்ல இல்ல, சுத்தமா அழிச்சதுதான், பொய் சொல்லல. ஐப்பசி மழைக்கு ஒவ்வொரு தூர்லயும் அஞ்சு அஞ்சு கெளையா அடிச்சு வந்துருச்சு. முன்னைக்கு இப்ப அடர்த்தி. இது மிஷின் குத்தம் இல்ல. தினகரன் சொன்னான், நான்தான் வேர எடுக்கல. நீங்க எடுத்துருங்க. மிஷின் மேல ஒரு குத்தமும் கெடையாது. சல்லடை மட்டும் பெருசா மாத்திக்கங்க.

எதுக்கு விக்கிறன்னா, ஆளு வர மாட்டேங்குது. ஒத்த ஆளா இத ஓட்ட முடியாது, ஒருத்தர் வண்டியில, ஒருத்தர் கட்டை குடுக்கணும். கூப்புட்டா ஊர்ல ஒருத்தரும் வர்றதில்ல. உழவுக்கும் வேற வண்டியத்தான் கூப்புடுறாக. ஒண்ணு மட்டும் நடந்திருக்கு சார், இப்பல்லாம் ஒருத்தரும் கரிக்காரி தம்பின்னு கூப்புடுறதில்ல. அது நின்னு போச்சு. தூளுங்கிறாக. அதான் நீங்களே கேட்டுட்டு வந்தீகளே.

ஓட்டிக் காட்டணுமா? தாராளமா. ஓட்டிப் பாக்காம மிஷின் வாங்கவே கூடாது. வண்டிய மாட்டி ஷாப்ட்டப் பூட்ட அஞ்சு நிமிசம். ஆனா உள்ள விட ஒரு கட்டை வேணும் சார். என் வீட்டுல குச்சின்னு ஒண்ணு கெடையாது, கேஸ் அடுப்புதான், இருந்த உலக்கையும் போயிருச்சு. தெருவுல நான் கேட்டா ஒரு வெளக்குமாத்துக் குச்சி குடுக்க மாட்டாக. காட்டுல நான் கை வைக்கக் கூடாது. நீங்க வெளியூரு, வாத்தியாரு. நீங்க போயிக் கேட்டா குடுப்பாக. அந்தா வரப்புல ஆடு மேய்க்கிறா பாருங்க, அதான் நாகவள்ளி. எனக்குன்னு சொல்லாதீக, உங்களுக்குன்னு கேளுங்க. முள்ளப் பாத்துக் கால வைங்க. பெருசா வேணாம், கை தண்டிக்கு இருந்தாப் போதும். ஒரே ஒரு கட்டை சார்.